பொறுப்பு

'பொறு' என்ற வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்பது பழம்பொருள். அதில் பிறந்த 'பொறை' பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். 'பொறுப்பு' தாங்கவேண்டிய சுமை. இலங்கைத் தமிழில் வேரூன்றிய 'பொறுப்புக்கூறல்' ஒரு படி மேலே போகிறது: சுமந்தவர் கணக்கும் சொல்லவேண்டும். நம் ஆட்சியாளர்கள் மறப்பது இந்தக் 'கூறலை'த்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையும் கூட்டப்பட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். குடித்தவரே பொறுப்பு என்பாரும் உண்டு. குடித்தவர் வாங்கியது சாராயத்தை, மெத்தனாலை அல்ல. அது தொழிற்சாலைகளுக்கான கரைப்பான். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருள். அது கிடங்கிலிருந்து பாக்கெட்டுக்கு வந்த வழியை அரசுதான் சொல்லவேண்டும். முந்தைய ஆண்டு மே மாதமே மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே நஞ்சு 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது. இடைப்பட்ட மாதங்களில் எந்தக் கிடங்கை யார் சோதித்தார்கள் என்ற கேள்விக்கு இடமாற்ற உத்தரவு பதிலாகாது.