யார் தந்த நோய்?

கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியில், 1956-இல் நிறுவனம் கண்டு, பூமியின் அடிவயிற்றைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கக் கற்றோம். பெண்ணின் அடிவயிறு ஏன் வலிக்கிறது என்று கேட்க மட்டும் நமக்கு நா எழுவதில்லை. பிள்ளையில்லையா? அவள் மலடி! வளைகாப்புக்கு அவளை அழைக்காதே! அவன்? மறுமணத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை!

மலடி எனத் தூற்றப்பட்டோருள் பலருக்கு அடைபட்டது கருக்குழாய். வெட்டை நோய்க் கிருமியும் கிளமிடியாக் கிருமியும் கருப்பை வாய் வழியே மேலேறி, குழாயைப் புண்ணாக்கித் தழும்பால் மூடிவிடுகின்றன. பேறுகாலத்தில் தூய்மையற்ற கை பட்டாலும் இந்த அழற்சி வரும். ஆகவே, நோயை வைத்து அவள் ஒழுக்கத்தை அளக்கப் புகுவது அறியாமை. சிலருக்குக் காய்ச்சலும் வலியும் வெள்ளைப்படுதலும் உண்டு. சிலருக்கோ ஓர் அறிகுறியும் இராது.

வெள்ளையர் ஆட்சி இதை எப்படிப் பார்த்தது? 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. விலைமகளிரைப் பதிவு செய்; கட்டாயமாகச் சோதி; நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடை! சென்னையிலும் அத்தகைய மருத்துவமனை இருந்தது. பட்டாளத்தானின் உடல்நலத்துக்காகப் பிறந்த அச்சட்டம் சோதனைக்கு இழுத்தது பெண்ணைத்தான். வெட்டைக் கிருமியை நைசர் கண்டறிந்ததோ 1879-இல்! கிருமி இன்னதென்று அறியுமுன்பே குற்றவாளி இன்னார் என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் நடத்திய கிளர்ச்சியால் அந்நாட்டுச் சட்டம் 1886-இல் ஒழிந்தது. இந்தியச் சட்டம் 1888-இல் நீங்கியது.

1872-இல் எமில் நோகெராத் என்ற மருத்துவர் வேறொன்று சொன்னார். குணமாகிவிட்டதாக நம்பி மணமேடை ஏறும் ஆண், உள்ளே ஒளிந்திருக்கும் வெட்டையை மனைவிக்குத் தருகிறான். அவள் கருவளம் அதனால் கெடுகிறது என்றார். அறிஞர் அவை அதை எளிதில் ஏற்றதா? இல்லை. கணவன்மாரைக் கூண்டில் நிறுத்தும் உண்மை கணவன்மார் நிறைந்த அவையில் எப்படி இனிக்கும்?

நம் பெண்களோ ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்ல நாணி மடிந்தார்கள். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்தது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் 1885-இல் சென்னையில் மகளிருக்கென மருத்துவமனை அமையக் காரணமானார். 1912-இல் அதே கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்றார்.

1940-களில் பென்சிலின் வந்தது. அதற்கு அன்று பணிந்த வெட்டைக் கிருமி இன்று பெரிதும் பணிவதில்லை. வேறு மருந்துகள் தருகிறார்கள். காலத்தோடு கொடுத்தால் கிருமி சாகும். விழுந்துவிட்ட தழும்பை மருந்து கரைக்காது. கணவனுக்கும் சேர்த்தே மருந்து தரவேண்டும் என்பது மருத்துவ விதி. ஆனால், இன்றும் மருத்துவமனை வாயிலில் மனைவி தனியே நிற்கிறாள். மருந்துண்டு தேறி வீடு திரும்புகிறாள். சோதனைக்கே வராத கணவன் அங்கே காத்திருக்கிறான்.