கொல்லிமலையில் கூதிர்க்காலம்

குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிர் என்றும் சிறுபொழுது யாமம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அதனையடுத்து, முன்பனிக் காலமும் அத்திணைக்கு உரியதே எனச் சேர்த்துக்கொண்டார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. ஆக, மலைநிலத்துப் பாட்டுக்கெனத் தமிழ் இலக்கணம் ஒதுக்கியது அடைமழையும் வாடையும் பனியும் சூழ்ந்த நான்கு மாதங்களையே. மனிதர் வெளியே தலைகாட்ட அஞ்சும் காலத்தின் நள்ளிரவில் பாட்டு விளையும் என்று நம்பிய மரபு இது. இந்நம்பிக்கை வெறும் இலக்கண வகுப்புத்தானா, அன்றி மலையில் வாழ்ந்த கலைஞரின் வாழ்க்கையில் வேர்கொண்டதா என்பதை ஆராயக் கொல்லிமலை தக்க களமாகும்.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக, ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் விரிந்து கிடப்பது கொல்லி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்துகள் ஏறுகின்றன. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் முகில் மலையை மூடிவிடும். எதிர்வரும் ஆள் தெரிவதில்லை. அந்த வளைவுகள் எவையும் இல்லாத காலத்தில், தோலுறை போர்த்த யாழும் முழவும் சுமந்து, பெண்டிரும் சிறாருமாகப் பாணர் கூட்டம் இம்மலையில் ஏறியது.

குளிர் கலைஞனுக்கு என்ன செய்யும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவருள் நக்கீரரைப் போல நுணுகிக் கண்டவர் அரியர். அவருடைய நெடுநல்வாடை காட்டும் நகரம் பாண்டியனுடையது. எனினும் வாடைக்கு மலையென்றும் நகரென்றும் வேறுபாடில்லை. கோவலர் மேட்டு நிலத்துக்கு நிரைகளை ஓட்டிச் சென்று, தீயில் கைகாய்ச்சி, பல் நடுங்க நிற்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. அப்பாட்டில் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. பாடலுக்கு இசையக் கருவியைக் கூட்ட முனைந்த ஆடல் மகளிர், குளிரால் யாழ் நரம்பின் குரல் திரிந்துபோனதைக் காண்கின்றனர். நரம்பைத் தம் மார்பின் வெம்மையில் தடவிச் சூடேற்றிய பிறகே பண்ணை முறையாக நிறுத்த முடிகிறது. அரசியின் கட்டிலையும் ஓவிய விதானத்தையும் வியந்து உரைப்போர் இச்சிறு செயலையும் சற்று நின்று காணலாம். கூதிரில் கருவி தானாகப் பாடாது. யாரேனும் ஒருவரின் உடற்சூடு அதற்கு வேண்டும்.

அந்தச் சூட்டை மலைநாட்டில் தந்தவர்கள் குறுநில மன்னர்கள். ஆவியர் பெருமகனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை அறியாத தமிழர் இலர். மயில் அதனை உடுத்தவும் போர்த்தவும் போவதில்லை என்று தெரிந்தே கொடுத்தான் என்கிறார் பரணர். அச்செய்தியைப் பரணர் தம் அரசன் மடமை என்று கருதவில்லை. ஆடும் உயிர் ஒன்று குளிரில் நிற்பதாகக் கண்டவன் கணக்குப் பார்க்காமல் போர்த்தினான் என்பதே அவர் கண்ட பொருள்.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியின் கொடை இன்னும் விரிந்தது. வன்பரணர் பாடிய இரு பாடல்கள் புறநானூற்றில் 152ஆம், 153ஆம் பாடல்களாக நிற்கின்றன. முதற்பாடல் ஒரு சிறுகதைக்கு நிகரானது. எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைக்கிறது. எய்தவன் யாரென்று தெரியாத நிலையில் பாணர் தலைவன் விறலியரை முழவுக்கு மார்ச்சனை இடச்செய்து, யாழைக் கூட்டச்செய்து, துறைமுறையாகப் பாடி முடிக்கிறான். 'கோவே' என்று விளித்த அளவில் வேட்டுவன் நாணுகிறான். ஊர் ஊராகத் திரிந்தும் உன்னைப் போன்ற வேட்டுவனைக் கண்டதில்லை என்று அவர்கள் சொல்லத் தொடங்குமுன், மேற்கொண்டு பேசவிடாது அவன் கொடுக்கிறான். முதலில் தருவது வேட்டையில் கிடைத்த மான் இறைச்சியின் புழுக்கல். அதனோடு உருக்கிய நெய் போன்ற கள். பொன்னும் மணியும் அதன் பின்னர்தான் வருகின்றன. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. காட்டுவழியில் களைத்து நின்ற கூட்டத்துக்கு அப்போது வேண்டியிருந்தது வயிற்றுக்குச் சூடு. பொன் பிறகு ஆகலாம்.

இரண்டாம் பாடலில்தான் சிக்கல் எழுகிறது. ஓரியின் கொடையைக் காணச் சென்ற கூத்தர் சுற்றம், குளிர்ந்த நீரில் பூவாத குவளையை, அதாவது மணியிட்டுச் செய்து வெள்ளி நாரில் தொடுத்த குவளைக் கண்ணியை, அணிகலன்களோடும் யானைகளோடும் பெற்றுத் திரும்பியது. திரும்பியவர்கள் இன்னியம் ஒலித்தும் ஆடவில்லை, பாடலையும் மறந்தனர். பசி தீர்ந்துவிட்டதுதான் காரணமோ என்று வன்பரணர் கேட்கிறார்.

இது புகழ்ச்சியென்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. கொடையின் பெருக்கத்தைக் காட்ட இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு கவிஞன் தன் புரவலனிடம், 'உன் கொடையால் எம் கூட்டம் பாட்டை மறந்தது' என்று சொல்லும்போது அதில் குறும்பும் சிறிது அச்சமும் கலந்திருப்பதை மறுக்கவியலாது. பசி பாட்டைக் கொல்லும்; பசி தீர்ந்த மயக்கமும் சில வேளை அதனைச் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு யாது என்பதை வன்பரணர் சொல்லவில்லை. அவர் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். அக்கூத்தர் ஆடாதுவிட்ட ஆட்டம் ஒன்றும் நமக்கு வந்துசேரவில்லை. அவர்கள் மறந்ததைச் சொல்லும் பாட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

சிறுபாணாற்றுப்படை இதற்கு வேறொரு விடை வைத்திருப்பதாகத் தோன்றுகிறது. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் நல்லூர் நத்தத்தனார், ஓரியைக் கூறுமிடத்து அவன் யானை தந்ததையோ பொற்பூத் தந்ததையோ பேசவில்லை. குன்றுகள் சூழ்ந்த நல்ல நாட்டைக் கூத்தராகிய கோடியர்க்கு ஈந்தான் என்கிறார். பொற்பூவை விற்றுத் தின்னலாம். விற்றது ஒருநாள் தீரும். நிலம் ஆண்டுதோறும் விளையும். ஆவணியில் தினையும் சாமையும் முற்றிக் குதிரில் சேர்ந்துவிட்டால், கூதிரின் நெடிய இரவுகளில் வழிநடையின்றி, வாயிற்காவலின் முகம் பாராது, அடுப்பங்கரையில் அமர்ந்து யாழைக் கூட்டலாம். ஓரி இதனை எண்ணியே கொடுத்தான் என்று துணிய இடமில்லை. ஆனால் நிலம் பெற்ற கூத்தனுக்கும் பொன் பெற்ற கூத்தனுக்கும் மார்கழி ஒன்றுபோல் இருந்திராது.

நிலம் நிலைக்க வேண்டுமாயின் கொடுத்தவன் நிலைக்க வேண்டும். அதுதான் கொல்லியில் நிகழவில்லை. காரி என்னும் குதிரையேறிய மலையமான் திருமுடிக்காரி, ஓரி என்னும் குதிரையேறிய ஓரியோடு பொருது அவனைக் கொன்றான். கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். இச்செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார் பதிவு செய்கிறார். ஓரியின் பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320ஆம் பாடலில் கபிலர் உவமையாக்குகிறார். விழா முடிந்து முழவும் ஓய்ந்த ஊர் என்று தொடங்கும் பாட்டு அது. காரியைப் புறத்தில் வாயாரப் பாடிய கபிலரே அகத்தில் இவ்வுவமையை வைத்திருப்பதை எண்ணிப் பார்த்தால், புலவர் நெஞ்சம் வென்றவன் பக்கம் மட்டும் நின்றுவிடவில்லை என்பது விளங்கும். கோடியர்க்கு அளித்த நாடு அதன்பின் எவர் கைக்குப் போயிற்றென்பதற்குப் பாட்டில் குறிப்பேதும் இல்லை.

மலையின் பாட்டு மட்டும் ஓயவில்லை. கொல்லிப்பாவையைப் பரணர், காற்று மோதினும் மழை விரைந்து பொழியினும் இடி சினந்து தாக்கினும் நிலமே அதிரினும் தன் அழகிய வடிவம் கெடாத பாவை என்று நற்றிணை 201இல் பாடினார். அப்பாவை எங்கே நின்றதென்று தேடுவோர் இன்றும் உளர். மலைமக்கள் எட்டுக்கை அம்மனைக் காட்டுவர். அது நிற்க. கூதிரின் எல்லாக் கொடுமைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கி, அவற்றைத் தாங்கி நிற்கும் ஓர் உருவத்தைக் கற்பித்த புலவருக்கு அம்மலையின் மழைநாட்கள் நன்கு பழகியிருக்க வேண்டும்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 18ஆம் நூற்றாண்டில், அம்பலவாணக் கவிராயர் இம்மலையின் அறப்பள்ளி ஈசனை முன்னிலைப்படுத்திச் சதகம் பாடியபோது, தம்மை ஆதரித்த மதவேளின் பெயரையும் பாட்டில் இணைத்தார். ஓரியின் பெயரும் மதவேளின் பெயரும் நிலைத்தது பாட்டில்தான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அரசு விழாவும் எடுக்கிறது. ஆனால் விழா ஆடியில் நடைபெறுகிறது. குறிஞ்சிக்குரிய கூதிரில் அந்த மேடைக்கு யாரும் வருவதில்லை, மலைமேல் மழை.

ஓரியிடம் வந்த இன்னொரு புலவரைச் சொல்லாமல் விடுவது முறையன்று. மூங்கிலைத் தின்னும் யானையால் பெயர்பெற்ற கழைதின் யானையார், புறநானூறு 204இல் அவனைப் பார்த்துப் பேசுகிறார். இரத்தல் இழிவு, இரந்தவனுக்கு இல்லையென்பது அதனினும் இழிவு. ஏற்றுக்கொள்ளென்று கொடுப்பது உயர்வு. கொள்ளேன் என மறுப்பது அதனினும் உயர்வு. இவ்வளவும் சொல்லிவிட்டு, கடல்நீர் தெளிந்திருந்தும் தாகமுற்றோர் அதனைப் பருகுவதில்லை என்கிறார். ஆவும் மாவும் கலக்கிச் சேறுபட்ட சிறுநீர்நிலைக்கோ வழிகள் பல. பரிசில் கிடைக்காதோர் தாம் புறப்பட்ட வேளையையும் புள்நிமித்தத்தையும் பழிப்பார்களேயன்றி வள்ளலைப் பழியார். ஆகவே உன்னிடம் எனக்கு வருத்தமில்லை, வாழ்க என்று முடிக்கிறார்.

அவர் பெயரில் கிடைத்திருப்பது இந்த ஒரு பாடல்தான். ஓரி அன்று அவருக்கு ஏதேனும் கொடுத்தானா என்பது அதில் இல்லை.