கூடத்து டியூப் லைட்

எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும் டியூப் லைட் ஃபிட்டிங் அப்பா 1969-ல் மாட்டியது. நான்கடித் தகரப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் இன்றும் அதேதான். உள்ளேதான் ஒன்றும் இல்லை.

குழல் விளக்கை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1938-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்கு அது வர இன்னும் முப்பது ஆண்டு பிடித்தது. அதுவரை குண்டு பல்புதான்.

அந்த டியூபுக்கு இரண்டு துணை வேண்டும். ஸ்டார்ட்டர், சோக். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு உலோகத் தகடு சூடேறி வளைந்து ஒட்டும். டியூபின் இரு முனைக் கம்பிகளும் சிவக்கும். தகடு ஆறி விலகும் நொடியில் சோக் ஒரு பெரிய வோல்டேஜை உதைத்துத் தள்ளும். அப்போதுதான் வெளிச்சம். மாலை ஏழு மணி லோ வோல்டேஜில் அந்த உதை போதாது. முனைகள் மட்டும் சிவந்து சிமிட்டிக்கொண்டிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரைத் திருகுவது என் வேலை. தாமதமாகப் புரிந்துகொள்பவனை 'டியூப் லைட்' என்று நாம் கேலி செய்தது சும்மாவா!

சோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. எரியத் தொடங்கிய பிறகு மின்சாரம் கட்டுமீறாமல் பிடித்து வைப்பது. அதற்குக் கூலியாகப் பத்து வாட் வரை அதுவே தின்னும். 40 வாட் டியூப் உண்மையில் 50 வாட்.

பிறகு 36 வாட் ஒல்லி டியூப் வந்தது. அதே நீளம், அதே பின், அதே சோக். எல்.இ.டி. டியூபும் அந்த நீளத்தையும் பின்னையும் விடவில்லை. இருபது வாட்டே போதும் என்றது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானியர் மூவருக்கு 2014-ல் நோபல் கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் இந்த வெள்ளை இல்லை.

நானே மெயினை அணைத்துவிட்டு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றினேன். நான் வாங்கிய டியூபுக்கு ஒரு முனையில்தான் இரண்டு ஒயரும் வரவேண்டும். அப்படியே நேராகக் கொடுத்தேன். நன்றாக எரிந்தது. மிச்சமிருந்த பழைய டியூப்களில் பாதரசம் இருக்கிறதே, குப்பையில் எப்படிப் போடுவது என்று பரணில் வைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து எல்.இ.டி. அணைந்தது. நான் ஊரில் இல்லை. மைத்துனர் உதவியாக, பரணிலிருந்து பழைய டியூபை எடுத்து மாட்டி சுவிட்சைப் போட்டிருக்கிறார். தடுக்க சோக் இல்லை. மெல்லிய முனைக்கம்பியில் 230 வோல்ட் நேராகப் பாய, பளீரென்று ஒரு வெடிப்பு, ஃபியூஸ் போய் வீடே இருட்டு. ஸ்டூலில் இருந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பினார். வயது அறுபத்தெட்டு.

"மாமா, சோக்கைக் கழற்றினதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் போனில். எனக்குப் பதில் இல்லை.

வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்: 'சோக் இல்லை. எல்.இ.டி. மட்டும். ஒயர் இடது முனையில்.' மற்ற நான்கு அறைகளிலும் அப்படியே.