கண்ணாடிக் குழாயிலிருந்து திண்ணை வரை

ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-இல் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையான சோதனை வருகிறது. குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறிற்று! பாவம், குதிரை. பாதரசம் இரத்தத்தைவிட ஏறத்தாழ 13 மடங்கு கனமானது. ஆகவே அதே அழுத்தம் பாதரசத்தில் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, தமனியை அறுக்காமலே, கையில் காற்றுப்பட்டை சுற்றிப் பாதரசத்தால் அளந்தார். 1905-இல் ரஷ்யரான கொரோட்காவ் அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

எனினும் கருவி நெடுங்காலம் மருத்துவரிடமே இருந்தது. வலியே இல்லாத நோய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து யார் வரிசையில் நிற்பார்? 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. பெண் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று அளந்தனர், மாத்திரையும் தந்தனர்.

துடியலூரில் திண்ணையில் அமர்ந்து அளப்பவரும் ஹேல்ஸின் குழாயை நினைவில் கொள்ள வேண்டும். கை நெஞ்சு மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், அவ்வளவு உயர இரத்தத்தின் எடையும் சேர்ந்து, 136 என்பது 144 ஆகத் தோன்றும்.