இடைநின்ற துணைவர்

நூலாசிரியர்க்கும் பதிப்பகத்தார்க்கும் இடைநின்று நூல் வெளிவர வழிசெய்வாரை இலக்கிய முகவர் என்பர். இலண்டனில் ஏ. பி. வாட் என்பார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 10 விழுக்காட்டுத் தரகுக்கு இதனைத் தொழிலாக நடத்தினார். அந்நாளில் தமிழகத்தில் அத்தொழில் வேரூன்றவில்லை. ஆயினும் அப்பணி நிகழ்ந்தது.

1880இல் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரின் கருத்தைச் சீவக சிந்தாமணியின்பாற் செலுத்தினார்; அதன் படியொன்றும் அளித்தார்; பதிப்பிக்கவும் ஊக்கினார். அச்சுச் செலவுக்கு, நூலை வாங்குவதாகப் பலர் இட்ட கையொப்பங்களே பெருந்துணையாயின. 1887இல் நூல் வெளிவந்தது.

முதலியார் செய்தது தரகு கருதாத் தொண்டு. பதிப்பு வரலாற்றில் ஏடு தேடியவரைப் போற்றும் நாம், இடைநின்று தூண்டியவரையும் உடன் எண்ணுதல் வேண்டும். அன்றேல் அவ்வரலாறு பாதியே ஆகும்.