இடமிருந்து வலம்: கோவைக் கல்விச்சாலைகளின் பழைய குழுப்படங்கள்

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளின் முன்கூடத்தில், தெய்வப் படங்களுக்கும் மறைந்தோர் படங்களுக்கும் இடையே, சுவரிலிருந்து சற்றே முன்சாய்ந்து தொங்கும் ஒரு படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அகலமான கறுப்புச் சட்டம். உள்ளே பழுப்பேறிய அட்டை. அட்டையின் நடுவே நான்கைந்து வரிசைகளில் ஐம்பது அறுபது முகங்கள். மேலே கல்லூரியின் பெயரும் ஆண்டும். கீழே, கண்ணை இடுக்கிப் படிக்கவேண்டிய பொடி எழுத்துகளில், நாற்காலியில் இருப்போர், நிற்போர், தரையில் அமர்ந்திருப்போர் என்று பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்கள். வீட்டாருக்கு அக்கூட்டத்தில் தெரிந்தது ஒரே ஒரு முகம். அப்பாரு, அல்லது அப்புச்சி. ஏனையோர் அவரைச் சுற்றி நிற்கும் கூட்டம், அவ்வளவே.

இப்படங்களைக் கையில் எடுப்பவர்கள் முதலில் முகத்தைத் தேடுகிறார்கள். அட்டையை முதலில் படிக்கவேண்டும் என்பது நம் கட்சி. யாருக்குப் பெயர் போடப்பட்டது, யார் படத்தில் இருந்தும் பெயரின்றி நிற்கிறார் என்ற கணக்கில், ஒரு கல்விச்சாலை தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருந்தது என்பது எந்த ஆண்டறிக்கையையும்விட ஒளிவுமறைவின்றிப் பதிவாகிவிடுகிறது.

புகைப்படக் கலை தென்னாட்டுக்கு வந்த காலமும் கோவையில் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. இன்றைய அரசு கலைக் கல்லூரிக்கு மூலமான பள்ளி 1852-இல் தோன்றியது. சென்னையில் புகைப்படச் சங்கம் 1856-இல் அமைந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி 1857-58-இல் அரசின் ஆணைப்படி மதுரை, தஞ்சை என்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்துத் திரிந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் தம் பள்ளியைத் தொடங்கியது 1862-இல். ஆயினும் பள்ளிப்பிள்ளைகளைப் படமெடுப்பது அந்நாளில் எளிதன்று. ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். இருட்டறையைக் கூடாரமாகக் கட்டித் தூக்கிச்செல்ல வேண்டும். உதகையில் நிலையம் வைத்திருந்த ஆல்பர்ட் பென் போன்றோரின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மலைமேல் வாழ்ந்த ஐரோப்பியர்களே. 1880-களில் உலர்தகடு பரவிய பின்னர்தான், படக்காரர் பெட்டியுடன் ஓர் ஊருக்கு வந்து, எடுத்த தகடுகளை எடுத்துச்சென்று பின்னர் கழுவிக்கொள்ள முடிந்தது. நாம் சுவரில் காணும் குழுப்படம் பிறந்தது அப்போதுதான்.

படமெடுக்கும் நாள் ஒரு சடங்கு. வெயில் ஏறுவதற்கு முன் முகப்புப் படிக்கட்டில் பெஞ்சுகள் அடுக்கப்படும். நடு நாற்காலி முதல்வருக்கு. அவருக்கு இருபுறமும் பதவி வரிசைப்படி ஆசிரியர்கள், கோட்டும் தலைப்பாகையும் தரித்து. வென்ற கோப்பை இருந்தால் முதல்வரின் காலடியில். சின்னப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு. ‘அசையாதே’ என்ற சொல்லுக்கும் மூடியைத் திரும்ப மாட்டுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் யாரேனும் தலையைத் திருப்பியிருந்தால், நூறாண்டுகளாக அவர் முகமில்லாமல் நிற்கிறார். யாரும் சிரிப்பதில்லை. அதைக் காலத்தின் இறுக்கம் என்று சிலர் விளக்குவதுண்டு. ஒரு விநாடிக்கு மேல் புன்னகையை அசையாமல் பிடித்துவைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஓரத்தைப் பாருங்கள். கடைசி நாற்காலிக்கு அப்பால், ஓரடி இடைவெளி விட்டு, குறுக்குப் பட்டை அணிந்த பியூன் நின்றிருப்பார். சில படங்களில் விடுதிச் சமையற்காரரும். படத்தில் அவர்களுக்கு இடம் உண்டு. பெயர்ப்பட்டியலில் பெரும்பாலும் இல்லை. இருந்தால் தலைப்பெழுத்து இன்றி ஒற்றைப் பெயராக இருக்கும். முதல்வருக்குப் பட்டங்கள், ஆசிரியருக்குப் பட்டமும் சாதிப்பெயரும், மாணவருக்குத் தலைப்பெழுத்தும் சாதிப்பெயரும், சேவகருக்கு அழைக்கும் பெயர் மட்டும் என்று படிப்படியாக இறங்கும் ஓர் ஏணி அது.

அந்த ஏணியின் ஒரு படி இந்த மண்ணிலேயே ஆட்டம் கண்டது. ஈரோட்டுக்காரரான பெரியார் 1927-இல் தம் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை நீக்கினார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. ஒரே பள்ளியின் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைக்க முடிந்தால், கவுண்டர், நாயுடு, செட்டியார், முதலியார், ஐயர் என்று முடியும் பெயர்கள் எந்த ஆண்டில் மெலியத் தொடங்கின, முதலில் கைவிட்டவர்கள் பின்வரிசை மாணவர்களா நாற்காலி ஆசிரியர்களா என்பதைப் பெயர் பெயராக எண்ணிவிடலாம். மேடைப் பேச்சுகளை வைத்து எழுதப்பட்ட சமூக வரலாறு நம்மிடம் நிறைய உண்டு. அட்டைகளை வைத்து எழுதப்பட்டது அரிது.

கோவையின் குழுப்படங்களுக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. இவ்வூரின் கல்விக்கூடங்கள் பல, வயலையும் பட்டறையையும் ஒட்டி வளர்ந்தவை. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோவைக்குப் பெயர்ந்தது. செங்கல் நிறத்தில் இன்றும் நிற்கும் அதன் பெரிய கட்டடம் 1909-இல் பயனுக்கு வந்தது. அதுவே 1971-இல் பல்கலைக்கழகமானது. 1911-இல் அங்கே மதராஸ் வேளாண் மாணவர் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் இதழே பின்னர் ‘மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்’ ஆயிற்று. மாணவர் சங்க வெளியீடு ஒன்று அறிவியல் இதழாக வளர்ந்து நிலைத்தது நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

வேளாண் கல்வியில் படம் அலங்காரமன்று, சான்று. பயிர் எவ்வளவு உயரம் வளர்ந்தது என்று காட்ட, அதன் அருகே ஓர் ஆளை நிறுத்திப் படமெடுப்பது அக்கால ஆய்வு வெளியீடுகளின் வழக்கம். 1912-இல் கோவையில் அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய ‘கோ 205’ 1918-இல் வெளிவந்தது. அந்தக் ‘கோ’ என்பது கோயம்புத்தூர். அவ்வகையில் வந்த கரும்புகள் கடல் கடந்தும் அந்தப் பெயரோடே போயின. ஆனால் உயரம் காட்டுவதற்காகக் கரும்பின் பக்கத்தில் நிறுத்தப்படும் ஆள் இப்படங்களில் அளவுகோல் மட்டுமே. விளக்கவரியில் ரகத்தின் பெயர் இருக்கும், அவர் பெயர் இராது. தாவர மரபியலில் உலகப் புகழ்பெற்ற ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை இதே நிலையத்தில் பணியாற்றினார். எம். எஸ். சுவாமிநாதன் வேளாண் கல்லூரியில் 1944-47-இல் மாணவர். இவ்விருவர் முகங்களுக்காக இன்று பழைய படங்களைத் துழாவுகிறோம். கிடைத்தால் அம்முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். புகழும் ஒருவகைக் கத்தரிக்கோல்தான்.

பீளமேட்டில் கதை வேறு. பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர், குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு என ஒதுக்கினர். 1926-இல் அமைந்த அந்த அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் படிப்பும் உற்பத்தியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 1947-இல் கலைக் கல்லூரியும், 1951-இல் ஜி. ஆர். தாமோதரன் முதல்வராக இருந்து வளர்த்த தொழில்நுட்பக் கல்லூரியும் அதன் வழிவந்தவை. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின; ஆலைக்கு ஆள் தேவை; ஆளுக்குப் பயிற்சி தேவை. தொழிற்கல்விக்கூடங்களின் படங்களில் படிக்கட்டு மறைந்து லேத் பட்டறை வருவது இதனால்தான். கோட்டு போய் அரைக்கைச் சட்டை வருகிறது. வரிசை கலைகிறது, மாணவர்கள் எந்திரத்தின் மேல் குனிந்து, கேமராவுக்கு முதுகைக்கூடக் காட்டுகிறார்கள். பார்ப்பதற்கு உயிருள்ள படங்கள். ஆனால் வரிசை கலைந்தவுடன் பெயர்ப்பட்டியலும் போய்விடுகிறது. ‘பட்டறை வகுப்பு’ என்ற இரு சொற்களோடு விளக்கவரி முடிந்துவிடும். உயிர்ப்பு வந்தபோது பெயர் போனது ஒரு வேடிக்கையான கொடுக்கல் வாங்கல்.

இவ்விடத்தில் ஜி. டி. நாயுடுவைச் சொல்லாமல் நகர இயலாது. ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-இல் கோவையில் எழுந்த தொழில்நுட்பக் கல்விக்கூடத்துக்கு, பள்ளிப்படிப்பை முடிக்காத அவரே முதல்வர். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அரசு இணங்காததால் விலகினார். அவர் தீராத கேமராக்காரரும்கூட. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தவர். கேமராவுக்குத் தொலைவைச் சரிசெய்யும் கருவியொன்றும் வடிவமைத்தவர்.

காந்தியராகிய தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்துக்கு, 1934-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். அவ்விடுதியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கிப் படித்தனர். இத்தகைய இடத்தில் குழுப்படத்தைவிடப் பந்திப் படம் மேலானது என்போம். படிக்கட்டில் யாரை யார் பக்கத்தில் நிறுத்துவது என்பது ஒருநாள் ஏற்பாடு. இலைக்கு முன் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அன்றாடம். 1930-களின் கொங்கு நாட்டில் எது கடினமானது என்று நமக்குத் தெரியும்.

பெண்களின் இடமும் கவனிக்கத்தக்கது. இருபாலரும் படித்த கல்லூரிகளின் படங்களில், ஒன்றிரண்டு மாணவிகள் பெரும்பாலும் ஆசிரியர் வரிசையின் கோடியில் நாற்காலியில் அமர்த்தப்பட்டிருப்பர். மரியாதையும் விலக்கமும் ஒரே நாற்காலியில். நிர்மலா கல்லூரி 1948-இலும் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இலும் வந்த பிறகுதான் கோவை மாணவிகள் பின்வரிசையில் பெஞ்சின்மேல் ஏறி நிற்கவும், தரையில் சம்மணமிடவும், ஒருவர் தோளை ஒருவர் மறைக்கவும் முடிந்தது. கூட்டமாக இருப்பதும் ஓர் உரிமையே. ஆனால் அந்த அட்டைகளிலிருந்து ஒரு மாணவியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். திருமணத்தோடு தந்தையின் தலைப்பெழுத்து போய்க் கணவரின் தலைப்பெழுத்து வந்துவிடும். அட்டையில் இருக்கும் பெயரில் பின்னாளில் எந்த ஆவணமும் இராது.

பொள்ளாச்சியில் 1957-இல் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி வந்தது. எட்டே ஆண்டுகளில், 1965 பிப்ரவரியில், அவ்வூர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டைக் கண்டது. குழுப்படத்தின் எல்லை இங்கே புலப்படுகிறது. ஏற்பாடு செய்து எடுக்கப்படும் படத்தில், ஏற்பாடு செய்யாதது எதுவும் நுழைவதில்லை. அவ்வாண்டின் மாணவர்களும் மார்ச் மாதத்துப் படத்தில் எல்லா ஆண்டையும்போல நேராகவே நின்றிருப்பார்கள்.

அந்த எல்லையைக் கைக்கேமரா ஓரளவு உடைத்தது. சுருளுக்குப் பன்னிரண்டு படம் தரும் ‘அக்ஃபா கிளிக் 3’ விடுதி அறைகளுக்குள் வந்தது. உதகையில் 1960-இல் அரசு நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தந்தது. அந்த ஆலை இப்போது மூடிக்கிடக்கிறது. மொட்டைமாடி, சைக்கிள், மருதமலைப் படிகள், பிரிவுபசார விழாவின் மாலை. சிரிப்பு வந்தது. அட்டை போயிற்று.

இழப்பு பல வழிகளில் நேர்கிறது. படநிலையங்கள் மூடியபோது கண்ணாடித் தகடுகள் வெள்ளிக்காகவும் வெறும் கண்ணாடிக்காகவும் விலைபோயின. புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையுடன், தமிழகப் படநிலையங்களின் எஞ்சிய படங்களை மின்னுருவாக்கியிருக்கிறார்கள், நல்ல பணி. ஆனால் சட்டமிட்ட குழுப்படங்கள் நிலையங்களில் இல்லை, வீடுகளில் இருக்கின்றன. வீடு இடிக்கும்போது சட்டம் பழைய மரத்தோடு போகிறது. அக்கறையுள்ள பேரப்பிள்ளைகள் கைபேசியில் படமெடுத்துப் பகிர்கிறார்கள். எடுக்கும்போது அட்டை அசிங்கமாக இருக்கிறதென்று ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். வெட்டப்படும் பகுதியில்தான் பெயர்கள் இருக்கின்றன. பியூன் நின்ற ஓரமும் அதுவே.

இப்படம் வைத்திருப்போர் அட்டை முழுவதையும், சட்டத்திலிருந்து எடுக்கக்கூடுமானால் பின்புறத்தையும் சேர்த்துப் படமெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். 1950-களில் படித்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியும் கடந்தும் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டும்போது அவரை மட்டும் கேளாமல், அந்தச் சமையற்காரர் யார், அவர் எந்த ஊர், அந்தப் பையன் ஏன் செருப்பில்லாமல் நிற்கிறான் என்று கேளுங்கள். சொல்வதை மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

பின்புறத்தில் ஏற்கெனவே ஒரு முத்திரை இருக்கக்கூடும். படநிலையத்தின் பெயர், ஊர், பென்சிலில் ஓர் எண், அதன்கீழ் மறுபடி வேண்டுவோர் இவ்வெண்ணைக் குறிப்பிட்டு எழுதுக என்று ஒரு வரி. எண் இன்னமும் தெளிவாகத் தெரிகிறது. எழுதிக் கேட்க அந்த முகவரியில் நிலையம் இல்லை.