டேங்க் வந்த வழி

மார்க்கையன்கோட்டையில் நான் பிறந்த வீட்டில், விடியுமுன் காதில் விழுகிற முதல் பேச்சு இதுதான்: "டேங்க் ஏறிருச்சா?" கேட்பது தெரு, பதில் சொல்வது அய்யா. பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, நிறைந்ததும் நிறுத்தி, தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலை அவருக்கு. அரசாங்கக் காகிதத்தில் அவர் ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர்’. ஊருக்கு டேங்க் ஆபரேட்டர்.

அய்யாவைப் பெற்ற தாத்தா நீர்பாய்ச்சி. வாய்க்காலில் முறை வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டி, அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல்லாகக் கூலி அளந்து வாங்கி வருவார். தகப்பனும் மகனும் பார்த்தது ஒரே வேலைதான்: பொதுத் தண்ணீரை வம்பு வராமல் பங்கு வைப்பது. ஆனால் தாத்தாவின் வாயில் டேங்க் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு அந்தச் சொல் உறுத்தியது உத்தமபாளையத்தில் கல்லூரி படிக்கும்போது. ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் தமிழ்நாட்டில் ‘டேங்க்’ பாசனம் நடப்பதாக இருந்தது. அய்யா ஏறி இறங்குகிற அந்தச் சிமென்ட் தொட்டியிலிருந்து நெல்வயலுக்குத் தண்ணீர் போவதுபோல ஒரு படம் மனதில் வந்தது. அது கண்மாய்ப் பாசனத்தைத்தான் சொல்கிறது என்று ஆசிரியர் விளக்கியபோது எனக்குச் சமாதானமாகவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. பெரியகுளம் பக்கத்தில் இருக்கிற ஊர். குளத்தின் பெயரே ஊரின் பெயர். அந்தக் குளமும் எங்கள் தெருமுனைச் சிமென்ட் தொட்டியும் எப்படி ஒரே சொல்லாக முடியும்? அந்தக் கேள்வியோடுதான் பிறகு தமிழாசிரியையாக முப்பத்தோரு வருடம் கழித்தேன். கிடைத்த அகராதியை எல்லாம் புரட்டினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, டேங்க் பிறப்பால் ஆங்கிலச் சொல் இல்லை என்பது. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மழைநீரைச் சேமிக்கத் தரைக்கு அடியில் கட்டுகிற தொட்டிக்கு டாங்கா என்று பெயர். மராட்டியக் கோட்டைகளில் பாறையைக் குடைந்து செய்த நீர்த்தொட்டி டாக்கே. அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்துக்குக் கீழே டாங்கா இருக்கும். கூரையில் விழுந்த மழை குழாய் வழியாக அதில் இறங்கும். போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டிலும் தரைக்கு அடியில் அப்படி ஒரு தொட்டி உண்டு. இன்னொரு பக்கம் போர்த்துக்கீசியரிடம் ‘டான்க்’ என்று ஒலிக்கிற சொல் ஒன்று குளத்துக்கு இருந்தது. அது ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. இவர்களிடமிருந்துதான் ஜன்னலும் அலமாரியும் சாவியும் நமக்கு வந்தன. போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிறார்களே, அந்த ஏலமும் அவர்கள் தந்த சொல்தான்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இங்குள்ள குளங்களை டேங்க் என்று எழுதிவிட்டார்கள். குஜராத்திச் சொல்லைக் கேட்டு எழுதினார்களா, போர்த்துக்கீசியச் சொல்லையா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டும் வந்து ஒன்றில் கலந்திருக்கும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சுருளியாறும் முல்லைப் பெரியாறும் சேர்ந்த பிறகு எது எந்தத் தண்ணீர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆங்கிலேயர் இந்தியாவில் எடுத்துக்கொண்ட சொற்களுக்கெல்லாம் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று ஓர் அகராதி உண்டு. யூலும் பர்னலும் சேர்ந்து செய்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதி அச்சானது 1886-இல். அதே வருடம் அக்டோபர் 29-ஆம் தேதிதான் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் பெரியாற்றுத் தண்ணீருக்கு 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டன. எங்கள் பள்ளத்தாக்கின் விதி எழுதப்பட்ட வருடம் அது.

தாங்கல் என்ற நம் சொல்தான் டேங்க் ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். அந்தப் பெயரோடு முடிகிற ஊர்கள் நிறைய. தமிழாசிரியைக்கு அப்படிச் சொல்ல ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனாலும் ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்று ஆகாது. மாணவர்களிடம் அதை நான் உண்மையென்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்து என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஊருணி என்றால் ஊர் உண்ணும் தண்ணீர். அதில் கால் கழுவினவனைக் கிழவிகள் விட்டுவைக்க மாட்டார்கள். தெப்பக்குளம் சாமிக்கு. குட்டை ஆடுமாட்டுக்கு. மதுரைப் பக்கமும் ராமநாதபுரத்திலும் கண்மாய். வடக்கே போனால் அதுவே ஏரி. ஏந்தல், தாங்கல், பொய்கை, சுனை, கேணி என்று இன்னும் எத்தனையோ. பெயரைச் சொன்னாலே அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது, தண்ணீர் எதற்கு என்பதெல்லாம் தெரிந்துவிடும். தொட்டி வேறு. தொட்டிக்கு நாலு பக்கமும் சுவர், நிரப்புவது மனிதன். கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் நிலம் தானாக ஏறிப் போகும். அந்த மேட்டு நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்பு. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து, நிறைந்தால் மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். அதற்குக் கீழே இன்னொன்று. இத்தனையையும் ஆங்கிலேயரின் கணக்கு ஒரே சொல்லில் எழுதிவைத்தது.

அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்மாய் வேலைக்குக் குடிமக்கள் கைகொடுக்கும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, அதைக் கட்டாயமாக்கி 1858-இல் சட்டம் போட்டார்கள். 1883-இல் சென்னை மாகாணத்தில் ‘டேங்க் ரெஸ்டோரேஷன்’ திட்டம் தொடங்கி, கண்மாய் கண்மாயாகக் கரையையும் மதகையும் ஆயக்கட்டையும் அளந்து எழுதினார்கள். அந்த ஏடுகள் அருமையானவை. ஆனால் அலுவலகத்தில் ஒரு சொல் நிலைத்துவிட்டால் பார்வையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. டேங்க் என்று நினைப்பவர் கண்ணில் தேங்கிய தண்ணீர் மட்டும்தான் படும். வரத்துக்கால் மேட்டில் வீடு வந்தாலும் அவருக்கு டேங்க் டேங்க்காகவே இருக்கும். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரி, கண்மாய்கள் உண்டு என்கிறது அரசுக் கணக்கு. அவற்றில் எத்தனைக்கு வரத்துக்கால் திறந்திருக்கிறது என்பதல்லவா அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்?

நகரங்களில் பெயர் மட்டும் மிஞ்சியது. சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியை ‘லாங் டேங்க்’ என்று வரைபடத்தில் எழுதினார்கள்; 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகர் கட்டினார்கள். இன்று தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் நடப்பது ஏரியின் மேல். ஹைதராபாத்தில் உசேன் சாகர் கரை ‘டேங்க் பண்ட்’ ஆனது. மும்பையில் இடையர்கள் மாடு குளிப்பாட்டிய இடம் கோவாலியா டேங்க். தண்ணீர் போய் மைதானம் மட்டும் இருந்தது. அங்கேதான் 1942 ஆகஸ்ட் 8 அன்று வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு அடியில் டாங்கா இருந்த போர்பந்தர்ப் பிள்ளை, டேங்க் என்று பெயர் கொண்ட மைதானத்தில் நின்று ஆங்கிலேயரைப் போகச் சொன்னார்.

போருக்கு இந்தச் சொல் போன கதை வேறு. 1915-இல் இங்கிலாந்தில் இரும்புக் கவச வண்டி ஒன்றை ரகசியமாகச் செய்தார்கள். லிங்கன் நகரத்துப் பட்டறையில் அதைப் பார்த்தவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியாது. பெரிய இரும்புப் பெட்டிபோல இருந்ததால், தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று சொல்லி, டிசம்பரில் டேங்க் என்றே மறைபெயர் வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-இல் பிரான்சில் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதலாக இறங்கின. மறைபெயரே கடைசியில் பெயராகி உலகம் முழுக்கப் பரவியது. தாகத்துக்கு வைத்த சொல், ஆளைக் கொல்லும் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. 1965-இல் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்தே விஜயந்தா டேங்க் வெளிவந்தது.

இலங்கைத் தமிழர் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி என்கிறார்கள். வெளிச்சொல்லை வாங்கி, ‘தாங்குவது’ என்ற தமிழ்ப் பொருளையும் அதற்குள் வைத்துவிட்ட அழகான சொல். கிளிநொச்சியை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. அந்த ஊருக்குச் சோறு போடுவது இரணைமடுக் குளம். ஆங்கிலத்தில் அது டேங்க். 2009-இல் முடிந்த போரில் கவச வண்டிகள் அந்த மண்ணில் ஓடின, அவையும் டேங்க். ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த உயரமான தாங்கியை அந்தப் போரில் வீழ்த்திவிட்டார்கள். அது சாய்ந்து கிடந்த கோலத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அய்யாவின் தொட்டிதான் கண்ணில் வந்தது. வீட்டுத் தண்ணீர், வயல் தண்ணீர், சாவு: மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் அந்த ஊரின் வரலாற்றை எப்படி எழுதுவார்களோ!

எங்கள் பள்ளத்தாக்குக்குப் போர் வரவில்லை, தண்ணீர் வந்தது. 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறந்ததிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிற அந்த நீர்தான் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைய வைக்கிறது. அணை கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர் எங்களுடையது. ஆங்கிலச் சொல்மேல் எனக்கு வருத்தம் உண்டே தவிர, அந்த மனிதர்மேல் நன்றி மட்டும்தான்.

அய்யா வேலையில் இருந்த கடைசி வருடங்களில் தெருவெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் வந்துவிட்டன. சின்டெக்ஸ் என்ற கம்பெனியின் பெயரே எங்கள் பக்கம் தொட்டிக்குப் பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனி செய்தாலும் சின்டெக்ஸ்தான். அது குஜராத்தின் கலோலில் பிறந்தது என்று பிறகு படித்தேன். குஜராத்தி டாங்கா உலகத்தைச் சுற்றிவிட்டு, குஜராத்திலிருந்தே கிளம்பி எங்கள் மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டை ஒருமுறை பார்க்க வாய்த்தது. புல எண்ணுக்கு நேரே குளம், கண்மாய், ஊருணி, வாய்க்கால், ஓடை என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். தாத்தாவின் பேச்சையே காகிதத்தில் பார்த்ததுபோல இருந்தது. பிறகு ஒவ்வொரு ஆண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அவரவர் ஊர்த் தண்ணீருக்கு என்னென்ன பெயர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். சில ஆண்டுகள் ஒரு பக்கம் நிறைய வந்தது. கடைசி ஆண்டுகளில் பலரும் மூன்று நான்கோடு நிறுத்தினார்கள். டேங்க்கும் போர்வெல்லும் எல்லாருடைய பட்டியலிலும் இருந்தன.

அய்யா ஓய்வுபெறுகிற மாதம் ஒருநாள் என்னையும் தொட்டி மேலே கூட்டிப் போனார். இரும்பு ஏணி, எனக்குக் கால் நடுங்கியது. "கீழ பாக்காத தாயி, நேரா பாரு" என்றார். மேலே போனதும் கையை நீட்டிக் காட்டினார். அந்தா வாய்க்கா. அது பிரியிற மடை. அங்கிட்டு வெத்தலைக் கொடிக்கா. தென்ன மரத்துக்குப் பின்னாடி சின்னமனூர். இங்கிட்டு குச்சனூர்ப் பாதை. உங்க தாத்தா மொறை வைக்கயில தூங்குற வரப்பு, அதோ. எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. பிறகு குனிந்து காலடியில் இருந்த மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கீழே நின்ற பையனைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "டேங்க் ஏறிருச்சுடா, மோட்டாரை நிறுத்து!"